கடல்கடந்த சேலம், நாமக்கல் குடும்பங்கள்: ஆவணவழிப் பூர்வீகத் தேடல்

பழைய சேலம் மாவட்டத்துச் சமவெளியிலிருந்து இலங்கை, மலாயா, மொரீசியசு, நேட்டால் (தென்னாப்பிரிக்கா), பிஜி ஆகிய நாடுகளுக்குக் கூலிவேலைக்குப் போன குடும்பங்களின் பூர்வீக ஊரையும் உறவையும் கப்பல் பட்டியல், குடிபெயர்வுச் சீட்டு, தோட்டப் பதிவு, குடியுரிமைக் கோப்பு, வருவாய்க் கணக்கு முதலியவற்றைக் கொண்டு கண்டறிவது ஆவணவழிப் பூர்வீகத் தேடல் ஆகும். 1830களில் தொடங்கி 1930களின் இறுதிவரை இக்குடிபெயர்வு நீடித்தது. போனவர்களில் மிகப் பலர் நிலமற்றவர்கள். சொந்த ஊரின் எந்தக் கணக்கிலும் இடம்பெறாத அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், வயது, உடல் அடையாளம் எல்லாம் முதன்முதலாக ஒரே தாளில் எழுதப்பட்டது பெரும்பாலும் கப்பல் ஏறும்போதுதான். ஆளைக் கட்டுப்படுத்தி வைக்க ஆட்சியாளர் எழுதிய அதே தாள், இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊர் திரும்பும் வழியைக் காட்டுகிறது.

பின்னணி

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் பகுதியும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். அப்போது உருவான கணக்குமுறையில் பட்டாதாரருக்கு இடம் உண்டு. அவர் காட்டில் உழுத பண்ணையாளுக்கு இல்லை.

மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரை ஊர்களுக்கு வாய்க்கால் பாசனம் இருந்தது. ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர், ஓமலூர் பக்கங்களில் கிணற்றையும் ஏரியையும் வானத்தையும் நம்பிய வெள்ளாமைதான். மழை பொய்த்தால் முதலில் கூலி நிற்கும், பிறகு கடன் ஏறும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இப்பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. 1871 குடிக்கணக்கில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. இறந்தவர்கள் போக, ஊரை விட்டுப் போனவர்களும் இக்குறைவில் அடக்கம். 1860களின் தொடக்கத்திலேயே சேலத்தைத் தொட்டுவிட்ட இருப்புப்பாதை, சென்னைத் துறைமுகத்துக்கான பயணத்தை எளிதாக்கியிருந்தது.

குடிபெயர்ந்த இரு முறைகள்

முதல் முறை ஒப்பந்தக் கூலி முறை. மொரீசியசு, நேட்டால், பிஜி ஆகியவற்றுக்கு இம்முறையில் ஆட்கள் போனார்கள். பொதுவாக ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆள்சேர்ப்பவர் விருப்பம் தெரிவித்தவரை அதிகாரி முன் நிறுத்திப் பதிவுசெய்து, சென்னையிலிருந்த கூலிமுகாமுக்கு அனுப்புவார். அங்கே மருத்துவச் சோதனையும், குடிபெயர்வோர் காப்பாளரின் ஒப்புதலும் முடிந்த பின்பே கப்பல். ஒவ்வொரு படியிலும் தாள் எழுதப்பட்டதால் இம்முறையில் போனவர்களைத் தேடுவது ஒப்பளவில் எளிது.

இரண்டாவது கங்காணி முறை. இலங்கைக்கும் பிற்கால மலாயாவுக்கும் இதுவே பெருவழி. தோட்டத்தில் வேலைபார்த்த கங்காணி தன் ஊருக்கே வந்து, முன்பணம் கொடுத்து, சொந்தக்காரரையும் தெருக்காரரையும் கூட்டிப்போவார். கணக்கு கங்காணியிடமே இருந்தது. அரசு ஆவணம் குறைவு. ஆனால் ஒரே ஊராரும் உறவினரும் சேர்ந்து போனதால் ஊர் நினைவு தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) பல தலைமுறை நின்றது.

கடல்கடந்த நாடுகளின் ஆவணங்கள்

நேட்டால்: சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் வந்தனர். 1866க்கும் 1874க்கும் இடையில் மட்டும் ஆள்சேர்ப்பு நின்றிருந்தது. இறங்கிய ஒவ்வொருவருக்கும் தனி எண் தரப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவை இருக்கும். குடும்பமாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் அமைவது வழக்கம். கணவன், மனைவி, குழந்தை உறவை அதைக்கொண்டு ஊகித்துச் சரிபார்க்கலாம். டர்பனில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் குவாசுலு-நேட்டால் மாநில ஆவணக் காப்பகங்களிலும் தேடலாம். சுரேந்திர பாணாவின் ஆய்வு இப்பட்டியல்களையே அடிப்படையாகக் கொண்டது. கிறித்தவக் குடும்பங்களுக்கு ஜாய் பிரெய்ன் தொகுத்த நூல் தனித்துணை.

மொரீசியசு: 1834 முதல் ஏறத்தாழ நான்கரை லட்சம் இந்தியர் இங்கு வந்திறங்கினர். வட இந்தியரே மிகுதி. சென்னைத் துறைமுகம் வழியாகவும் பெருந்திரளானோர் வந்தனர். மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்றப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. 1860களிலிருந்து புகைப்படம் எடுக்கும் வழக்கமும் வந்ததால், தன் மூதாதையின் முகத்தையே பார்க்கும் பேறு சில குடும்பங்களுக்கு வாய்க்கிறது. அவர்கள் கால்வைத்த ஆப்ரவாசி காட் துறைப்படிகள் 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயின.

பிஜி: 1879இல் கல்கத்தாவிலிருந்து தொடங்கிய குடியேற்றம், 1903 முதல் சென்னை வழியாகவும் நடந்தது. 1916 வரை வந்த ஏறத்தாழ 61,000 பேரில் கால்வாசியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். இவர்களுடைய குடிபெயர்வுச் சீட்டு ஓர் ஆளுக்கு ஒரு தாள் என அமைந்தது. நெருங்கிய உறவினர் பெயர், மணமானவரானால் துணைவர் பெயர், உயரம், தழும்பு ஆகியவையும் அதில் உண்டு. இவை சுவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இலங்கை: ‘கண்டிச் சீமைக்கு’ப் போனவர்களின் தொடக்ககாலத் தடயம் மங்கலானது. தோட்டத்துச் செக்ரோல் (ஆள்கணக்கு ஏடு), பிறப்பு இறப்புப் பதிவு, மண்டபம் முகாம் வழியாகப் போனதன் சீட்டு ஆகியவை கிடைத்தால் பயன்படும். உண்மையான புதையல் 1948க்குப் பிந்தையது. குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியபின், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் குடியுரிமை விண்ணப்பங்கள் போயின. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலையை 1974 ஒப்பந்தம் முடிவுசெய்தது. இந்தியக் கடவுச்சீட்டும், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையும் பெரும்பாலும் வீட்டுப் பெட்டிகளிலேயே கிடக்கின்றன. பூர்வீகத் தேடலில் முதலில் கேட்கவேண்டியவை அவையே.

மலாயா: இங்கு ஒப்பந்தக் கூலி 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணிவழி ஆள்சேர்ப்பும் உதவிபெற்ற பயணமும் தொடர்ந்தன; 1938இல் இந்திய அரசு அதற்குத் தடைவிதித்தது. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகப் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்காமுக்கும் கப்பல்கள் போயின. நேட்டாலைப்போல் ஆள்வாரியான பட்டியல் முழுமையாகக் கிடைப்பதில்லை. தோட்டப் பதிவு, பிறப்புச் சான்று, பழைய கடிதம், பணவிடைத் துண்டு ஆகியவற்றைச் சேர்த்துத்தான் கதையைக் கோக்க வேண்டும்.

சேலம், நாமக்கல் பக்கத்து ஆவணங்கள்

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய், பொதுத்துறை நடவடிக்கைக் குறிப்புகள் உள்ளன. அவற்றில் ஆள்சேர்ப்பு முறை, புகார், விசாரணை பற்றி அறியலாம். தனியாள் பெயர் அரிதாகவே வரும். கிராமத்தைத் தெரிந்துகொண்டபின் செட்டில்மெண்ட் பதிவேடு, சிட்டா, அடங்கல், பத்திரப்பதிவு அலுவலக வில்லங்கம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பழைய கணக்குகளில் பசலி எனும் வருவாய் ஆண்டே இருக்கும். அதனுடன் 590ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 சூலையில் தொடங்கியது.

மணியக்காரரும் கர்ணமும் பரம்பரையாக வைத்திருந்த கிராமக் கணக்கு, 1980 நவம்பரில் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டபோது பல இடங்களில் கைமாறியது. நிலமற்ற குடும்பத்தைத் தேடுபவர் பட்டாவில் பெயர் இல்லையென்று சோர்ந்துபோகக் கூடாது. எந்தப் பட்டாதாரரின் பண்ணையில் வேலை, எந்தச் சேரி, எந்த வளவு என்று கேட்டு நடப்பதே அங்கு வழி. கிறித்தவக் குடும்பமானால் திருச்சபைத் திருமுழுக்கு ஏடு கைகொடுக்கும். இலண்டன் மிஷனரி சங்கம் சேலத்தில் 1827லேயே பணி தொடங்கியது.

ஊர்ப்பெயரும் மாவட்ட எல்லையும்

பட்டியலில் ‘சேலம்’ என்றிருந்தால் இன்றைய சேலம் மாவட்டம் என்று முடிவுகட்டக் கூடாது. அன்றைய சேலத்துக்குள் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருப்பத்தூரும் அடங்கும். நாமக்கல் தாலுகா 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில காலம் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. ஆகவே ஒரே ஊரைச் சேர்ந்த அண்ணன் நேட்டால் பட்டியலில் சேலத்துக்காரராகவும், பின்னால் போன தம்பி திருச்சிக்காரராகவும் பதிவாகியிருக்கலாம். தர்மபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாயின.

தாலுகாவும் அப்படித்தான். ராசிபுரம் அன்று சேலம் தாலுகாவிலும், சங்ககிரியும் எடப்பாடியும் திருச்செங்கோடு தாலுகாவிலும் இருந்தன. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டலை உரக்கப் படித்துப் பார்த்தால்தான் பல ஊர்கள் பிடிபடும். ஆத்தூர், புதூர், புதுப்பட்டி போன்ற பெயர்கள் பல மாவட்டங்களில் உண்டு என்பதால் தாலுகாவைச் சேர்த்துப் பார்க்காமல் முடிவுசெய்யக் கூடாது. லெ ஃபானு எழுதிய 1883ஆம் ஆண்டுச் சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்சின் 1918ஆம் ஆண்டு விவரச்சுவடி, பழைய குடிக்கணக்குக் கையேடுகள் ஆகியவை இதற்கு உதவும். 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் சில ஊர்கள் மூழ்கின. அவ்வூராரின் வழிவந்தோரை அவர்கள் குடியமர்ந்த இடங்களில் விசாரிக்க வேண்டும்.

ஆட்பெயர், பட்டம், குலதெய்வம்

ஆட்பெயரே சில நேரம் ஊரைச் சொல்லும். அர்த்தநாரி என்ற பெயர் திருச்செங்கோட்டையும், நாமகிரி நாமக்கல்லையும், நைனாமலை சேந்தமங்கலம் பக்கத்து மலைக்கோயிலையும், பெரியண்ணன் கொல்லிமலை அடிவாரத்தையும் நினைவூட்டும். இவை துப்புகள் மட்டுமே. தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் என்ற பட்டம் ‘கவெண்டர்’ என்று குடும்பப் பெயராக நிலைத்திருக்கிறது. சேலம் வட்டாரத்தில் கொங்கு வேளாளரும் வன்னியரும் அப்பட்டத்தைப் பயன்படுத்துவதால் அதைக்கொண்டு சாதியையோ ஊரையோ உறுதிசெய்ய இயலாது. கப்பல் பட்டியலின் சாதிக் கட்டமும் எழுத்தரின் புரிதலுக்கு உட்பட்டதே.

தாள் இல்லாத குடும்பத்துக்குக் குலதெய்வமே பெருஞ்சான்று. எத்தனை தலைமுறை கடந்தாலும் முதல் மொட்டை, காதுகுத்து, பொங்கல் எந்தச் சாமிக்கு என்ற நினைவு எளிதில் அழிவதில்லை. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜனின் தாய்வழிக் குடும்பம் நாமக்கல் நாமகிரித் தாயாரை விடாமல் வழிபட்டது இதற்குத் தெரிந்த சான்று. குலதெய்வக் கோயிலில் வரி கொடுக்கும் பங்காளிகள் யார், அவர்களில் எந்த வீட்டார் ‘அக்கரைச் சீமைக்கு’ப் போனார்கள் என்பதைப் பூசாரியும் மூத்தவர்களும் சொல்லக்கூடும். அங்கே கிடைக்கும் தகப்பன் பெயரும் பட்டியலில் உள்ள தகப்பன் பெயரும் ஒத்துப்போனால் தேடல் பெரும்பாலும் நிறைவேறிவிடும்.

ஆங்கிலேயக் குடும்பப் பதிவுகளுடன் ஒப்பீடு

இதே சமவெளிக்கு இங்கிலாந்திலிருந்து வந்த கலெக்டர், பாதிரியார், தோட்டக்காரர் குடும்பங்களைத் தேடுவது வேறு கதை. அவர்களுடைய திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் சென்னை மாகாணத் திருச்சபை ஏடுகளிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகளில் உள்ளன. கலெக்டர் காக்பர்ன் காப்பியை அறிமுகம் செய்த ஏற்காட்டில், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் திருச்சபைக் கல்லறையில் பேணப்படுகிறது. அந்த மலையிலிருந்து பார்த்தால் தெரியும் ஊர்களிலிருந்து கப்பலேறியவர்களுக்கு அத்தகைய கல்லும் இல்லை, ஏடும் இல்லை. ஆகையால் அவர்களைப் பற்றிய ஒற்றை வரிப் பதிவும் அருமையானது.

தேடும் வரிசை

முதலில் வீட்டு மூத்தவர்களிடம் பெயர், சாமி, ஊர் ஒலிப்பு, கப்பல், தோட்டம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுவது. அடுத்து பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளைப் பின்னோக்கி அடுக்குவது. நேட்டாலிலும் மொரீசியசிலும் பழைய சான்றுகளில் குடியேற்ற எண் குறிக்கப்பட்டிருக்கும் வாய்ப்புண்டு. எண்ணைக் கொண்டு கப்பல் பதிவைப் பெறுவது. அதில் உள்ள ஊரையும் தாலுகாவையும் அக்கால எல்லையில் வைத்து அடையாளம் காண்பது. கடைசியாக ஊருக்குப் போய்ப் பங்காளிகளிடம் சரிபார்ப்பது. பெயர், தகப்பன் பெயர், ஊர் ஆகிய மூன்றும் இருபக்கமும் பொருந்தும்வரை உறவை உறுதியென்று அறிவிக்கக் கூடாது. ஆர்வத்தில் தவறான வீட்டில் சொந்தம் கொண்டாடுவது இரு குடும்பங்களையும் வருத்தும்.

இன்றைய பயன்

வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறப் பூர்வீகச் சான்று தேவை. மொரீசியசைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறைவரை இவ்வாய்ப்பை நீட்டிப்பதாக 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. சட்டப் பயனைவிடப் பெரியது, எண்ணாக மட்டும் எழுதப்பட்ட ஒருவர் மீண்டும் ஒரு வீட்டின் அண்ணனாக, அத்தையாக ஆவது. கடல்கடந்த நாடுகள் தம் ஏடுகளைப் பேணிவருகின்றன. இந்தப் பக்கத்துச் சான்றுகளோ பெரும்பாலும் மூத்தவர்களின் நினைவிலும் சிதையும் கிராமக் கணக்கிலும் இருக்கின்றன. நாமக்கல், சேலம் ஊராட்சிகளும் பள்ளிகளும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் ஊர்வாரியாக வளவு, குலதெய்வம், போனவர் பெயர் ஆகியவற்றை இப்போதே எழுதிவைத்தால்தான் அடுத்த தலைமுறையில் தேடி வருபவருக்குப் பதில் சொல்ல முடியும்.