சைக்கிள் செயின் கோளாறுகள்: குறை பாகத்திலா, கைவேலையிலா?

பெடல், கிராங்க், முன் பல்சக்கரம், செயின், பின் பல்சக்கரங்கள் ஆகியவை சேர்ந்ததே சைக்கிளின் இயக்கத் தொகுதி. கியர் வண்டிகளில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டெரெயிலரும் இதில் சேரும். இத்தொகுதி பழுதானால் ஓட்டியவர் கம்பெனியைத் திட்டுவார். கம்பெனி பொருத்தியவரைக் கைகாட்டும். மெக்கானிக்கோ ஓட்டிய விதத்தைக் குறை சொல்வார். பல நேரங்களில் மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும்.

இந்த வழக்குகளில் மிகப் பிரபலமானது 2010ஆம் ஆண்டு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் நடந்தது. ஜூலை 19 அன்று, 15ஆம் கட்டத்தில், பிரனீஸ் மலையின் போர் த பாலே ஏற்றத்தில் முன்னிலை வகிப்பவருக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்திருந்த ஆண்டி ஷ்லெக் வேகமெடுத்த நொடியில் அவரது செயின் கழன்றது. அவரது போட்டியாளர் ஆல்பெர்ட்டோ கோண்டடோர் நிற்காமல் முந்திச் சென்றார். அதுவரை 31 விநாடி முன்னிலையில் இருந்த ஷ்லெக், அன்று மாலை 8 விநாடி பின்தங்கியிருந்தார். இழந்தது 39 விநாடி. பாரிஸில் கோண்டடோர் வென்ற வித்தியாசமும் அதே 39. ஊக்கமருந்து வழக்கில் 2012இல் கோண்டடோரின் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்குத் தரப்பட்டது தனிக் கதை. கழன்றதற்குக் காரணம் டெரெயிலரா, அதைச் சரிகட்டிய விதமா, முழு பலத்தோடு மிதித்தபடி கியர் மாற்றியதா என்ற வாதம் மட்டும் ஓயவில்லை.

சாதாரண ஓட்டிகளின் வண்டிகளில் தீர்ப்பு சொல்வது இவ்வளவு கடினமல்ல. பின் டெரெயிலர் தொங்குவது ஹேங்கர் என்ற சிறு துண்டில். வண்டிச் சட்டத்தைக் காப்பாற்றத் தான் வளையவேண்டும் என்பதற்காகவே அதை மெல்லிய அலுமினியத்தில் செய்கிறார்கள். நிறுத்திய வண்டி வலப்பக்கமாக ஒருமுறை சாய்ந்தால் போதும், அது உட்புறம் வளைந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. சில நாள் கழித்து, ஏற்றத்தில் ஆகப்பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டெரெயிலர் சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்து நொறுங்கும். நொறுங்கியது டெரெயிலர் என்பதால் பழியும் அதற்கே. ஹேங்கரை நிமிர்த்தாமல், உட்புற எல்லைத் திருகையும் சோதிக்காமல் புது டெரெயிலர் மாட்டினால் அதுவும் கம்பிக்குள்தான் போகும்.

செயின் தேய்மானமும் இப்படித்தான் ஏமாற்றும். நீள்வது தகடல்ல, ஊசிகளும் அவை சுழலும் துளைகளும் தேய்கின்றன. ஊசிக்கு ஊசி அரை அங்குலம் என்பதால் ஓரடி அளவுகோலே சோதனைக்குப் போதும்: பூஜ்யக் கோட்டில் வைத்த ஊசிக்கு அடுத்து 24ஆவது ஊசி பன்னிரண்டு அங்குலக் கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றவேண்டும். காலம் கடந்து மாற்றினால் புதுச் செயின் தேய்ந்த பற்களில் வழுக்கும். செயின் போலி என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அதேசமயம், செயினை இணைக்க வெளியே தள்ளிய பழைய ஊசியையே மறுபடி அடித்து ஏற்றுவது, புது ஊசி கேட்கும் செயின்களில், மெக்கானிக்கின் தவறேயன்றி வேறில்லை. அந்த இணைப்பு பிறகு ஏற்றத்தில் பிளந்துகொள்ளும்.

பாகத்தின் மீதே குற்றம் நிற்கும் இடமும் உண்டு. ஷிமானோவின் 11 கியர் அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகள் உள்ளே வெற்றிடம் விட்டு இரு அலுமினியப் பாதிகளைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டவை. அந்த ஒட்டு விட்டுப்போனதாக 4,519 புகார்கள் சேர்ந்தபின், 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 6,80,000 கிராங்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. கனடாவில் இன்னும் 80,000. எந்த மெக்கானிக்கும் திருகு முறுக்கிச் சரிசெய்யக்கூடிய குறையல்ல இது. ஆனால் ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை கடைகளின் தலையில் விழுந்தது. சோதனையில் தேறாதவை மட்டுமே இலவசமாக மாற்றப்பட்டன. தயாரிப்பாளரின் குறைக்குக் கடைக்காரரின் கண்ணை ஈடு வைத்தது நியாயமான ஏற்பாடாகத் தெரியவில்லை. 2019 ஜூலைக்கு முன் தயாரான இவ்வகைக் கிராங்க் வைத்திருப்பவர்கள், அதன் பின்புறம் பொறித்த ஈரெழுத்துக் குறியீட்டைத் திரும்ப அழைக்கப்பட்டவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.