உமணர் வண்டியும் அழகர்மலைக் கல்வெட்டும்

பண்டமாற்று என்றவுடன், இருவர் எதிரெதிர் நின்று கைப்பொருளை மாற்றிக்கொள்ளும் காட்சியே மனத்தில் எழும். சங்ககால வாணிகம் அத்துணை எளிதன்று. நெய்தல் நிலத்தில் உப்பு விளைத்தவருக்கு நெல் வேண்டும். மருத நிலத்து உழவருக்கு உப்பு வேண்டும். இவ்விருவரும் ஒருவரையொருவர் காண்பதே அரிது. அவ்விடைவெளியை நிரப்பியவர் உமணர். எருதுகள் பூட்டிய வண்டிகளில் உப்பேற்றி, மனைவி மக்களோடு உள்நாட்டுக் கரடுமுரடான வழிகளில் அவர்கள் சென்றனர். நெல்லும் உப்பும் ஒத்த அளவில் மாறின என்பதை அகநானூற்றின் 390ஆம் பாடலால் அறிகிறோம். இன்று மயிலாப்பூர்க் கடைவீதியில் அம்மாற்றுக்கு எவரும் இசையார்!

வேண்டிய பொருள் வேண்டிய வேளையில் கைவசம் இல்லையெனில்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. இன்று பெற்றதைப் பின்னர் அதே அளவில் திருப்பித் தருவதைக் 'குறியெதிர்ப்பை' என்றனர். வள்ளுவரும் 221ஆம் குறளில் இச்சொல்லை ஆள்கிறார். கடல் கடந்த வாணிகத்தில் மட்டும் மாற்று வேறு. முசிறியில் யவனர் பொன் தந்து மிளகு கொண்டனர்.

இவ்வணிகர் பலரை ஓரிடத்தே காட்டுவது மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலை. அங்குள்ள சமணக் குகைத்தளத்தின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், கலப்பைக் கொழு விற்ற கொழு வணிகன், பாகு விற்ற பணித வணிகன், துணி விற்ற அறுவை வணிகன், பொற்கொல்லன் எனப் பலரும் இடம்பெறுகின்றனர். மாங்குளத்திலோ தனியொருவராக அன்றி, வெள்ளறை நிகமத்தோர் என வணிகர் குழுவாகவே நின்று துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துத் தந்துள்ளனர்.