காக்கையும் கதிரும்: ஓசூர் எல்லைப்புறத்தில் பயிர்க்காவலின் வரலாறு

வேளாண்மையின் வரலாறு விதைத்தலின் வரலாறு மட்டுமன்று; விளைந்ததைக் காத்தலின் வரலாறும் ஆகும். ஏரைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் எழுதியோர் பலர். கதிர் முற்றும் நாள்களில் கொல்லை நடுவே நின்று பறவை ஓட்டிய கைகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. வரலாற்று நூல்கள் விட்டுவைத்த அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பி நிற்பவை நம் இலக்கியங்கள். ஆதலின், கவிஞர்கள் கூடி வெளியிடும் இம்மலரில் பயிர்க்காவலின் வரலாற்றைப் பேசுவது பொருத்தமற்ற செயலாகாது எனக் கருதுகிறேன்.

தமிழ்க் கவிஞனுக்குக் காக்கை உறவுப் பறவை. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்னும் நம்பிக்கையைப் பாடிய நச்செள்ளையார், அப்பாட்டினாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றார். ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடி அவர் ஒன்பது கா பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசிலாகப் பெற்றார் எனப் பதிற்றுப்பத்தின் பதிகம் கூறும். கிடைத்ததை மறைக்காமல் இனத்தை அழைத்து உண்ணும் பண்புக்கு வள்ளுவர் காட்டிய சான்றும் காக்கையே. பாரதி அதனைத் தன் சாதியாகவே எண்ணினார்.

உழவனுக்கோ காக்கை இருமுகம் கொண்டது. ஏர் ஓடும்போது பின்தொடர்ந்து, புரண்ட மண்ணிலிருந்து வேர்ப்புழுக்களைப் பொறுக்கும் காக்கை அவனுக்குக் கூலி கேளாத ஆள். அதே காக்கை, முளைத்து வரும் மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் பிடுங்கி அடியிலுள்ள பருப்பைத் தின்னும். பால் பிடித்த மக்காச்சோளக் கதிரின் மேலுறையைக் கிழிக்கும். பழுத்த தக்காளியையும் மாம்பழத்தையும் கொத்தி விலைபோகாமற் செய்யும். இவ்விரு முகங்களில் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்தவர்கள் வரலாற்றில் இடறியிருக்கிறார்கள். இக்கட்டுரை சொல்ல விரும்பும் செய்தி அதுவே.

புனங்காவல்

பறவை ஓட்டுதலைத் தமிழர் போல் இலக்கியப் பொருளாக்கியவர் அரியர். குறிஞ்சித் திணையின் கருப்பொருள் தினை. அத்திணையின் தொழில்களுள் ஒன்று கிளி கடிதல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி தினைப்புனத்து இதணத்தின் மேலிருந்து காவல் செய்கிறாள். தழல், தட்டை, குளிர் என அவள் கையாளும் கருவிகளின் பெயர்களையும் அப்பாட்டு தருகிறது. உரையாசிரியர்கள் இவற்றைக் கிளிகடி கருவிகள் என்பர். இவற்றுள் தட்டை மூங்கிலைப் பிளந்து ஒலி எழுப்பச் செய்யப்படுவது. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் கிள்ளைப்பத்து என்று ஒரு பத்தே உண்டு. தினைப்புனம் காத்த வள்ளி பின்னர் முருகனின் தேவியானாள். அவள் எழுப்பிய ஆலோல ஒலி இன்றும் நாடக மேடைகளில் கேட்கிறது.

இவ்விலக்கியச் சான்றுகளில் ஊன்றி நோக்கத்தக்க செய்திகள் இரண்டு. முதலாவது, காவலின் காலம் வரையறுக்கப்பட்டது. கதிர் பால் பிடிக்கும் நாள் முதல் அறுவடை வரையில்தான் தலைவி புனத்தில் இருக்கிறாள். தினை அறுக்கப்பட்டதும் காவல் முடிகிறது. அதனாலேயே காதலர் சந்திப்புக்கும் இடையூறு நேர்கிறது. இரண்டாவது, அக்கருவிகளின் நோக்கம் கடிதல், அதாவது ஓட்டுதல். கிளி இனத்தையே இல்லாமற் செய்யும் எண்ணம் அங்கே இல்லை.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. புனங்காவல் அழகிய காட்சி. ஆனால் கூலியில்லாத உழைப்பு. பறவை ஓட்டும் பணி பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளைகளின் தலையிலும் சிறுவர்களின் தலையிலும் விழுந்தது. விடியலுக்கு முன் கொல்லைக்குப் போய் இருட்டிய பின் திரும்பிய பிள்ளைகள் பள்ளியை அறியாமலே வளர்ந்தனர். ஆலோலம் மறைந்ததே என்று இரங்கும் கவிஞர்கள் இதனையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பாராமகால் முதல் ஓசூர் வரை

கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த நிலப்பகுதி பாராமகால் என வழங்கப்பட்டது. 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அது திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரின் கைக்கு மாறியது. ஓசூரை உள்ளிட்ட மேட்டுநிலமான பாலகாட்டுப் பகுதி 1799-இல் திப்பு வீழ்ந்த பின்னரே அவர்கள் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலங்களை அளந்து, உழவனிடமே நேராகத் தீர்வை பெறும் முறையை வகுத்தனர். ரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் உருப்பெற்றது.

பயிர்க்காவலின் நோக்கில் இம்மாற்றத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். விளைச்சலில் பங்கு பெறும் வார முறையில், பறவை தின்ற கதிரால் நேரும் இழப்பு அரசுக்கும் உழவனுக்கும் பொது. நிலத்துக்கு இவ்வளவு பணம் என்று தீர்வை நிலைத்துவிட்டால், காக்கையும் குருவியும் தின்றது உழவனின் கணக்கிலேயே சேரும். தீர்வை ஏட்டில் பறவைக்கு வரி இல்லை. அதன் வாய்க்குப் போனதற்குக் கழிவும் இல்லை. ஒரு படி தானியத்தையும் இழக்க அஞ்சும் நிலைக்குச் சிறு உழவன் தள்ளப்பட்ட காலம் அது எனலாம்.

இப்பகுதியின் தலையாய பயிர் கேழ்வரகு. அதனூடே அவரையும், மேட்டுக் கொல்லைகளில் கொள்ளும் நிலக்கடலையும் விளைந்தன. கேழ்வரகுக் கதிரை நாடுபவை பெரும்பாலும் சிட்டுகளும் சில்லைகளும் கிளிகளுமே. காக்கையின் கண் நிலக்கடலை மீதும் மக்காச்சோளத்தின் மீதும் பழங்களின் மீதும் இருக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் இவ்வெல்லைப்புறத்தில், கொல்லையில் நிற்கும் வைக்கோல் பொம்மைக்கும் பெயர்கள் பல. தமிழர் சோளக்கொல்லைப் பொம்மை என்பர். தெலுங்கர் திஷ்டிபொம்ம என்பர். கன்னடர் பெதருபொம்பெ என்பர். பெயர் மூன்றாயினும் சட்டை ஒன்றே. அதைக் கண்டு காக்கை அஞ்சும் நாள்களும் சிலவே.

ஆராய்ச்சியின் தொடக்கம்

பறவை உழவனுக்கு நண்பனா பகைவனா என்னும் கேள்வியை இந்தியாவில் அறிவியல் முறையில் முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவர்கள் மேசனும் மாக்ஸ்வெல் லெஃப்ராயும் ஆவர். பீகாரிலுள்ள பூசாவில் அமைந்திருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து, உள்ளே இருந்த தானியத்தையும் பூச்சியையும் பிரித்துக் கணக்கிட்டனர். ‘இந்தியப் பறவைகளின் உணவு’ என்னும் பொருள்படும் அவர்களின் நூல் 1912-இல் வெளிவந்தது. ஊகத்தின் இடத்தில் எண்ணிக்கை வந்து அமர்ந்தது.

அதே 1912-இல் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. அதன் பட்டியலில் மயில் இருந்தது, புறா இருந்தது, காடையும் கொக்கும் இருந்தன, காக்கை இல்லை. அறுபது ஆண்டுகள் கழித்து 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது காக்கைக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் ஐந்தாம் அட்டவணை. எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு, தீங்குயிர் என்று எவரும் கொல்லத்தக்க இனமாக அது வைக்கப்பட்டது. விருந்தறிவிக்கும் பறவை சட்டத்தின் கண்ணில் இவ்வாறு தோன்றியது.

தொழிற்பேட்டையின் நிழலில்

1971-இல் சிப்காட் நிறுவனம் தோன்றியது. தொடர்ந்து ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்டின் சரக்குந்துகளும், டி.வி.எஸ். மொபெட்டுகளும், டைட்டன் கைக்கடிகாரங்களும் இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று.

இவ்வளர்ச்சி பயிர்க்காவலை இருவழியில் மாற்றியது. ஒன்று, காவலாள் குறைந்தமை. இளைஞர் தொழிற்சாலை வாயிலுக்குச் சென்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். 1982-இல் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டம் அவர்களைப் பள்ளியில் நிறுத்தவும் துணை செய்தது. இது வரவேற்கத்தக்க இழப்பு. மற்றொன்று, காக்கை பெருகியமை. வீட்டுக்காக்கை மனிதரை அண்டி வாழும் பறவை. இறைச்சிக் கடைக் கழிவும், உணவகக் குப்பையும், சந்தையில் எஞ்சும் காய்கனிகளும் மிகும் இடத்தில் அதன் எண்ணிக்கையும் மிகும். இரவில் நகரத்துச் சாலை மரங்களில் கூட்டமாக அடையும் காக்கைகள் பகலில் அண்டைக் கொல்லைகளுக்கு இரை தேடிப் பறக்கின்றன. ஆகவே நகரத்தின் குப்பை உழவனின் தக்காளியில் வந்து முடிகிறது. காக்கையைக் கட்டுப்படுத்தும் முதல் வேலை கொல்லையில் இல்லை; குப்பை மேட்டில் இருக்கிறது.

உலகம் தரும் பாடம்

பறவையோடு மனிதர் நடத்திய போர்கள் சிலவற்றை ஈண்டு நினைவுகூர்தல் நலம். 1958-இல் மாசேதுங்கின் சீனம் தானியம் தின்னும் சிட்டுக்குருவிகளை ஒழிக்க முனைந்தது. மக்கள் கூட்டங் கூட்டமாகப் பறையும் தட்டும் முழக்கி, குருவிகளை எங்கும் அமரவிடாமல் விரட்டினர். அவை களைத்து விழுந்து மடிந்தன. ஓட்டும் ஒலி அங்கே கொல்லும் ஒலியாயிற்று. குருவி தின்றுவந்த பூச்சிகள் பின்னர்ப் பெருகின. 1960-இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் பெரும்பஞ்சம் தொடங்கிவிட்டது. பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவியற்ற வயல் அவற்றுள் ஒன்று.

மலேசியத் தமிழர் அறிந்த கதை வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளான் பகுதியின் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுக்களை ஒழிக்க, இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுபோய் விட்டனர். காப்பித் தோட்டங்கள் பின்னர் ரப்பர்த் தோட்டங்களாயின. காக்கைகளோ நகரை நிறைத்தன. அழைத்து வந்த பறவையையே பிற்காலத்தில் ஆள் வைத்துச் சுட வேண்டியதாயிற்று. சான்சிபாரிலும் அதே காலத்தில் குப்பை தின்னக் கொண்டுவரப்பட்ட காக்கை, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை எங்கும் பரவியது. 2024-ஆம் ஆண்டின் இறுதிக்குள் பத்து இலட்சம் காக்கைகளை அழிக்கப் போவதாகக் கென்யா அறிவிக்க நேர்ந்தது.

ஒழித்தவனும் இடறினான், கொண்டுவந்து விட்டவனும் இடறினான். இருவரும் பறவையின் ஒரு முகத்தை மட்டும் கண்டவர்கள்.

இன்றைய நிலை

2022-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் நாள் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தீங்குயிர்களுக்கான ஐந்தாம் அட்டவணை அதில் இல்லை. ஐம்பது ஆண்டுகள் எவரும் கொல்லலாம் என்று இருந்த காக்கையை இன்று அவ்வாறு கொல்ல இயலாது. நஞ்சு கலந்த இரை வைப்பது சட்டத்துக்கு மாறானது என்பதோடு, நாயையும் மயிலையும் பருந்தையும் சேர்த்துக் கொல்வது. உழவனிடம் எஞ்சியிருப்பது குறிஞ்சித் தலைவியின் வழியே: ஓட்டுதல்.

அவ்வழி இன்று புது உருப் பெற்றுள்ளது. ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியுமாகப் பளபளக்கும் நாடாவை, பயிருக்குச் சற்று மேலே, இரு கழிகளுக்கிடையே முறுக்கிக் கட்டுகிறார்கள். வெயிலில் அது மின்னும், காற்றில் உறுமும். பழைய ஒலிநாடாச் சுருளை இழுத்துக் கட்டுவோரும் உண்டு. தட்டையின் ஒலியும் தழலின் சுழற்சியும் ஒரு நாடாவில் சேர்ந்துவிட்டன. பழ மரங்களுக்கு வலை உண்டு. கொல்லையின் ஓரத்தில் பறவைக்கென்றே சில வரிசை சோளம் விதைப்பதும் உண்டு.

இவற்றுள் எதுவும் தனித்து நில்லாது. காக்கை கூரிய அறிவுடையது. அசையாத பொம்மையை ஒரு வாரத்தில் அறிந்துகொண்டு அதன் தலையிலேயே அமரும். ஆதலின் கருவியை இடம் மாற்ற வேண்டும், வகை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் அறிந்து வைக்க வேண்டும். விதை முளைக்கும் முதல் இரு வாரங்களும், கதிர் பால் பிடித்து முற்றும் நாள்களுமே காவலுக்குரியவை. மற்ற நாள்களில் காக்கையை விட்டுவிடலாம். அது புழு பொறுக்கட்டும். தன்னினும் வலிய கூகையைக் காக்கை பகலில் வெல்லும் என்று வள்ளுவர் கூறியது காலமறிதல் அதிகாரத்தில். காக்கையை வெல்ல விரும்பும் உழவனுக்கும் அதுவே பாடம்.

வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இம்மண்ணின் உழவர்கள் காக்கையோடு போர் தொடுத்ததில்லை, எல்லை வகுத்திருக்கிறார்கள். இக்காலத்தில் இதைச் செய், இவ்வோரத்தில் தின், இதற்குமேல் வராதே என்னும் உடன்பாடு அது. தொழிற்சாலைச் சங்கொலி ஒருபுறமும் கேழ்வரகுக் கொல்லை மறுபுறமுமாக வாழும் நம் கவிஞர்கள், காக்கையின் பெருமையைப் பாடும்போது அது கொத்திப்போட்ட தக்காளிக் கூடையோடு சந்தையிலிருந்து வெறுங்கையாய்த் திரும்பும் உழவனையும் பாட வேண்டும். புனங்காத்த வள்ளியைப் பாடும்போது, இன்று பள்ளியில் அமர்ந்து படிக்கும் அவள் பேத்தியையும் வாழ்த்த வேண்டும். பறவைக்கும் பயிருக்கும் பிள்ளைக்கும் இடமிருக்கும் கொல்லையே நம் மரபு நமக்கு வைத்துச் சென்ற கொல்லை. அதைக் காக்கும் பொறுப்பில் எழுதுகோலுக்கும் பங்கு உண்டு.