நோயும் நடமாட்டமும்

ஊரிலிருக்கும் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து, "உடம்பு எப்படி?" என்று வினவுகிறோம். "ஏதோ இருக்கிறது" என்பதே பெரும்பாலும் மறுமொழி. அம்மறுமொழிக்கு அளவு காண முயன்ற வரலாறு பழமையானதன்று. காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. தீராத மூட்டுவாதத்தை எதனால் அளப்பது?

1940-களின் இறுதியில் டாக்டர் கார்னாஃப்ஸ்கி, புற்றுநோயாளருக்கு 100 முதல் 0 வரை ஓர் அளவை வகுத்தார். தம்மைத் தாமே பேணிக்கொண்டும் தொழில் செய்ய இயலாதவருக்கு 70. ஆயின் எண்ணை இடுபவர் மருத்துவரே.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டாக்டர் சிட்னி காட்ஸ் குழுவினர், இடுப்பெலும்பு முறிந்த முதியோர் முதலானோரைத் தொடர்ந்து கவனித்து, 1963-ல் ஓர் அட்டவணை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறை சென்று வருதல், படுக்கையினின்று எழுதல், மலசலம் அடக்குதல், உண்ணுதல் என ஆறே செயல்கள்! எவ்வளவு எளிய பட்டியல்! இழந்த திறன்கள் மீள்கையில் உண்ணுதல் முந்துகிறது. உடுத்தலும் குளித்தலும் பிந்துகின்றன. குழந்தை வளரும் வரிசையும் ஏறத்தாழ இதுவே என்பதை அவர்கள் கண்டனர். நம்மை வியக்கச் செய்வது இப்பகுதியே.

1980-ல் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் ஃபிரைஸ் குழுவினர், மூட்டுவாத நோயாளரையே வினவும் 20 கேள்விகளை வெளியிட்டனர். குழாயைத் திருக முடிகிறதா, கட்டிலிலிருந்து எழ முடிகிறதா என்பன அவற்றுட் சில. குளியல் தொட்டியைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. நம்மில் எத்தனை வீடுகளில் அத்தொட்டி இருக்கிறது? டில்லி மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட இந்திய வடிவம், தரையில் சம்மணமிட்டு அமர முடிகிறதா என்று வினவுகிறது.