ஸ்ரீரங்கப்பட்டணமும் சென்னைச் சிப்பாய்களும்

மைசூரில் குடியேறி வாழும் தமிழராகிய நாம், ஊரிலிருந்து உற்றார் உறவினர் வருங்கால் அவர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். அரங்கநாதரைச் சேவித்து, காவிரியில் நீராடி, தரியா தௌலத் மாளிகையையும் கண்டு திரும்பினால் யாத்திரை நிறைவுற்றதாகக் கருதுகின்றோம். நம் நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள அத்தீவின் மதில்களில் தமிழகத்துச் சிப்பாய்களின் வரலாறும் கலந்து கிடக்கின்றது. அதனை நம்மில் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர்.

தரியா தௌலத் மாளிகை 1784-இல் திப்பு சுல்தானால் எழுப்பப்பட்டது. அதன் மேற்குச் சுவரில் தீட்டப்பெற்றுள்ள பெரும்போர் கன்னட நாட்டில் நிகழ்ந்ததன்று. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் நிகழ்ந்தது. ஆங்கிலப் படை சதுரமாக அணிவகுத்து நிற்கின்றது. வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கின்றது. தளபதி பெய்லி பல்லக்கில் அமர்ந்து திகைப்புடன் விரலைக் கடிக்கின்றார். அச்சதுரத்தில் நின்றோருள் பெரும்பாலார் சென்னைச் சிப்பாய்களே என்பதை ஓவியத்தை நோக்குவோர் மறத்தலாகாது. ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன்னர் மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்ற களமும் அப்புள்ளலூரே என்று காசாக்குடிச் செப்பேடு கூறும். அப்பகைவர் சாளுக்கியர் என்பது அறிஞர் கருத்து. ஒரு சிற்றூருக்கு இத்தனை போர்களா என்று வியக்கின்றோம்!

புள்ளலூரில் சிறைப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே மாண்டார். கோட்டையின் வடபுறத்து நிலவறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. கைதிகளைப் பிணித்த கற்பலகைகளை அங்கே காணலாம். அவருடன் சிறைப்பட்ட டேவிட் பேர்டு என்னும் இளைஞர் 1784-இல் விடுதலை பெற்றார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே கோட்டையின் மீது பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

1799-இல் தளபதி ஹாரிஸ் வேலூர்ப் பக்கமிருந்து பெரும்படையுடன் புறப்பட்டார். கண்ணனூரிலிருந்து பம்பாய்ப் படை வந்து சேர்ந்தது. நைஜாமின் சேனையும் உடனிருந்தது. மார்ச் 27-இல் மழவள்ளியில் போர் நிகழ்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சுல்தான்பேட்டைத் தோப்பில் இருளில் புகுந்த ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெல்லிங்டன் பிரபு எனப் புகழ்பெற்றவர், தோற்றுத் திரும்பினார். முற்றுகையிட்டோருக்கு அவசரம் இருந்தது. படையில் உணவு குறைந்து வந்தது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் காவிரி பெருகிவிட்டால் ஆற்றைக் கடத்தல் அரிது. எனவே மே 4-ஆம் நாள் நண்பகல் கடந்தவுடன், நீர் குறைந்திருந்த ஆற்றின் பாறைகள் மீது ஓடி, மதிலின் மேற்குப் பகுதியில் பீரங்கிகள் பிளந்த வழியே படை உட்புகுந்தது. திப்பு போரிட்டே வீழ்ந்தார். அவர் உடல் கிடைத்த இடத்தை ஒரு கல் காட்டுகின்றது.

இம்முற்றுகையில் எமது மனத்தைக் கவர்வோர் வாள் ஏந்தியவரைக் காட்டிலும் மண்வெட்டி ஏந்தியவரே. 1780-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற பயனியர் படையினர், தமிழரும் தெலுங்கரும் பிறருமாக, குண்டு மழையினூடே இரவில் பதுங்குகுழி அகழ்ந்தனர். மூங்கிலும் சுள்ளியும் கொண்டு காப்புக் கூடைகள் முடைந்தனர். அவர்கள் வெட்டிய வழியே பீரங்கி முன்னேறிற்று. வெற்றிக்குப்பின் கும்பினியார் புலியைச் சிங்கம் அடக்குவது போன்ற பதக்கம் ஒன்றை அடித்து வழங்கினர். தளபதிகளுக்குத் தங்கம், இளநிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, சிப்பாய்க்கு ஈயத்தை ஒத்த வெண்தகரம்.

மதிற்பிளவின் அருகே 1907-இல் மைசூர் அரசு நாட்டிய நினைவுத்தூண், வீழ்ந்த ஆங்கில அதிகாரிகளின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றது. வீழ்ந்த சிப்பாயின் பெயரை அங்கே தேடினால் காணக் கிடையாது. ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில் சுவிட்சர்லாந்து நாட்டு டி மியூரோன் படைப்பிரிவினர் பலர் துயில்கின்றனர். இலங்கையில் டச்சுக்காரருக்கு ஊழியம் செய்து, 1795-இல் ஆங்கிலேயர் பக்கம் மாறி இங்கு வந்தோர் அவர்கள். அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கடல் கடந்து வந்து அக்கல்லறைகளைச் செப்பனிட உதவினர். சிப்பாயின் வழித்தோன்றலோ தம் பாட்டன் இங்கே மாண்டதை அறியாமலே அரங்கனைச் சேவித்துச் செல்லக்கூடும்.

'ஸ்ரீரங்கப்பட்டணம்' என்னும் போர்ப்பெருமைப் பெயரைச் சென்னைப் படைகள் பல நெடுங்காலம் கொடியில் தாங்கின. விடுதலைக்குப் பின்னர், இந்நாட்டாரையே அடக்கிய போர்களின் பெயர்கள் கொண்டாடத் தகாதன எனப் படைத்துறை ஒதுக்கியது. அது முறையே என்பது எமது கருத்து. ஆயினும் பெருமையை ஒதுக்குவது வேறு, ஆட்களை மறப்பது வேறு. திப்புவின் அணியில் நின்று மாண்டோரும், எதிரணியில் கூலிக்கு நின்று மாண்டோரும் ஒரே ஆற்றங்கரையில் மண்ணாயினர்.

போர் முடிந்தபின் ஆங்கிலப் பாசறை தீவிலேயே தங்கிற்று. காய்ச்சல் அதனைத் தின்றது. ஆகவே 1809-இல் பாசறை பெங்களூருக்கு மாற்றப்பட்டது. சிப்பாய்களின் பின்னே வண்ணார், வணிகர், சமையற்காரர், வண்டிக்காரர் எனத் தமிழ்க் குடும்பங்கள் பல சென்று அல்சூரிலும் தண்டுப் பகுதியிலும் குடியேறின. மண்வெட்டி ஏந்திய அப்பயனியர் படையின் வழிவந்த சென்னைப் பொறியாளர் படைக்கு இன்றும் அல்சூர் ஏரிக்கரையே தலைமையிடம்; அதன் வீரர்களைத் 'தம்பி' என்றே அழைக்கின்றனர்.