கோயில் தரையில் ஒரு கோடு



கலிலியோ பாடத்தை எல்லா வருடமும் ஒரே மாதிரிதான் நடத்தினேன். 1633-இல் திருச்சபை அவரைத் தண்டித்தது, ஆகவே அது வானியலுக்கு எதிரி, மணி அடித்தது. அது பாதிக் கதைதான். மீதியை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியில் பொலோஞ்ஞா நகரம் அன்று போப்பின் ஆட்சியில் இருந்தது. தண்டனைக்கு 22 வருடம் கழித்து, 1655-இல், அங்குள்ள சான் பெத்ரோனியோ கோயில் தரையில் காசினி என்ற வானியலாளர் வடக்கு தெற்காக ஒரு கோடு போட்டார். நீளம் சுமார் 67 மீட்டர். மேலே, 27 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு துளை. அதன் வழியே விழும் சூரிய பிம்பம் நண்பகலில் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் துளைக்குப் பக்கத்தில், குளிர்காலத்தில் வெகுதூரம் தள்ளி.

கோயிலுக்குள் இதெல்லாம் எதற்கு என்பீர்கள். ஈஸ்டருக்குத்தான்! பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளை வைத்தே அந்தத் தேதியைக் கணிக்கிறார்கள்.

காசினி அதோடு நிற்கவில்லை. பிம்பத்தின் அகலம் வருடத்தில் எப்படிக் கூடிக் குறைகிறது என்றும் அளந்தார். சூரியனின் தூரம் மாறுவதில் தாலமியின் பழைய கணக்கு பொருந்தவில்லை, கெப்ளருடையது பொருந்தியது. (பூமி சுற்றுகிறது என்பதற்கு இது நேரடி நிரூபணம் இல்லை. அறிவியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) அந்தக் கெப்ளரின் நூல் ஒன்று 1619 முதலே திருச்சபையின் தடைப் பட்டியலில் இருந்தது. அவர் கணக்கு சரியென்று தெரிந்ததோ அதே திருச்சபையின் கோயில் தரையில்.

கோடு இன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், வெயில் உள்ள நாளாகப் பார்த்து நண்பகலில் போய் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.