புற்றுநோய்க்குப் புது மாத்திரை: முதல் கட்ட சோதனை என்றால் என்ன?

"முற்றிய புற்றுநோய்க்கு மாத்திரை வந்தாச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. வீட்டில் நோயாளி இருந்தால் உடனே நம்பத் தோன்றும். அதற்கு முன், அதில் 'முதல் கட்டம்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் கட்டத்தின் முக்கியக் கேள்வி 'நோய் குணமாகுமா?' என்பதல்ல. 'எவ்வளவு டோஸ் வரை உடம்பு தாங்கும்?' என்பதுதான்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

நம் செல்களில் டிஎன்ஏ அடிக்கடி சேதமாகும். ஒரு இழை அறுந்தால் சரிசெய்ய உதவுவது 'பார்ப்' என்ற புரதம். இரண்டு இழையும் அறுந்தால் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் கைகொடுக்கும். பிஆர்சிஏ பழுதான புற்றுநோய் செல்லில் பார்ப்பையும் தடுத்துவிட்டால், ரிப்பேருக்கு வழியில்லாமல் அந்த செல் செத்துப்போகும். ஆய்வகத்தில் இது 2005-ல் தெரியவந்தது.

மனிதர்களில் என்ன நடந்தது?

ஒலாபாரிப் என்ற மாத்திரையின் முதல் கட்ட முடிவுகள் 2009-ல் வெளியாகின. பிரிட்டன், நெதர்லாந்தில் 60 நோயாளிகள் பங்கேற்றார்கள். தினமும் 10 மில்லிகிராமில் ஆரம்பித்து, இருவேளை 600 மில்லிகிராம் வரை போனார்கள். கடைசியில் இருவேளை 400 மில்லிகிராம்தான் தாங்கக்கூடிய உச்ச அளவு என்று முடிவானது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கட்டி மீது மருந்தின் தாக்கம் தெரிந்தது பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்களிடம் மட்டுமே. மார்பகம், சினைப்பை, புராஸ்டேட் புற்றுநோய் இருந்த அப்படிப்பட்ட 19 பேரில் 12 பேருக்குப் பலன் கிடைத்தது. பலன் என்றால் முழு குணம் அல்ல. கட்டி சுருங்கியது, அல்லது சில மாதங்கள் வளராமல் நின்றது.

பெரிய ஆய்வுகளைத் தாண்டி, பிஆர்சிஏ மாற்றமுள்ள சினைப்பை புற்றுநோய்க்கு அமெரிக்கா இதை அனுமதித்தது 2014 டிசம்பரில்தான்.

இந்தியாவில் உங்களை அழைத்தால்?

இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கிறதா என்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019 விதிகளில் இடம் இருக்கிறது.

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது 'அந்த மாத்திரை கிடைக்குமா?' என்றல்ல. 'எங்களுக்கு மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டுமா?' என்று கேளுங்கள்.